ஒரு பேரோடு போங்கள்: பெல்ஜியத்தில் உள்ள ஜெர்மன் போர்க் கல்லறைகளுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

நான் ஜெர்மனியில் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு பாட்டி இருக்கிறார். பள்ளி விடுமுறைக்கு பெல்ஜியம் போகிறோம் என்று படிக்கட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் காலை கதவைத் தட்டி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் அவருடைய தாத்தாவின் அண்ணன் பெயர், 1917 என்ற ஆண்டு, லாங்கமார்க் என்ற ஊர். அந்தப் பக்கம் போனால் கல்லறையை ஒரு போட்டோ எடுத்து வர முடியுமா என்று கேட்டார். அவர்கள் வீட்டில் யாருமே போய்ப் பார்த்ததில்லையாம்.

போனோம். மழையில் இரண்டு மணி நேரம் தேடினோம், கிடைக்கவில்லை. திரும்பி வந்து ஒழுங்காகத் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அவர் இறந்த இடம்தான் லாங்கமார்க், அடக்கமாகியிருப்பது மேனன் என்ற இன்னொரு ஊரில், காரில் அரை மணி நேரத் தூரத்தில். நாங்கள் நனைந்துகொண்டு தேடிய நேரத்தில் அங்கே போய்விட்டே வந்திருக்கலாம். அடுத்த முறை சரியாகப் போனோம். அதற்கப்புறம் எப்படியோ ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் ஏதாவது ஒரு கல்லறைத் தோட்டத்தில் காரை நிறுத்திவிடுகிறேன்.

பாரிஸ், லண்டன், டோர்ட்முண்ட் என்று இருக்கும் நம் ஆட்கள் பலர் முதல் உலகப் போர் நடந்த ஈப்பர் நகரத்துக்குச் சுற்றுலா போகிறார்கள். பிரிட்டிஷ் கல்லறைகளைப் பார்க்கிறார்கள். ஜெர்மன் பக்கம் என்ற பலகையைக் கண்டால் காரை நிறுத்தாமல் போய்விடுகிறார்கள். நிறுத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பேரைப் பிடியுங்கள்

பேர் இல்லாமல் போனால் புல்வெளியும் கருங்கல்லும்தான் கண்ணில் படும், பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். ஒரே ஒரு பேர் கையில் இருந்தாலும் போதும், கால் தானாக நிதானப்படும். தெரிந்த ஜெர்மன்காரர்கள், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், பிள்ளையின் வகுப்பு நண்பனின் தாத்தா என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்களில் திரும்பி வராத ஒருவர் இருப்பார். கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொண்டவர்களை நான் இதுவரை பார்க்கவில்லை. அப்படி யாரும் கிடைக்காவிட்டால் சிற்பி கேத்தே கோல்விட்ஸின் மகன் பீட்டரின் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவனைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வெளிநாடுகளில் இருக்கும் ஜெர்மன் போர்க் கல்லறைகளைப் பராமரிப்பது ஃபோல்க்ஸ்புண்ட் என்ற அமைப்பு. 1919 டிசம்பரில் தொடங்கப்பட்டது, தலைமையகம் காஸல் நகரத்தில். இது அரசுத் துறை கிடையாது. 1954-ல் மேற்கு ஜெர்மனி அரசு வெளிநாட்டுக் கல்லறைகளின் பொறுப்பை இவர்களிடம் ஒப்படைத்தது. செலவில் பெரும் பங்கு நன்கொடையிலும் உறுப்பினர் சந்தாவிலும் நடக்கிறது. நவம்பரில் ஜெர்மனித் தெருக்களில் உண்டியல் குலுக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதில் இவர்களும் உண்டு. 46 நாடுகளில் 830-க்கும் மேற்பட்ட கல்லறைத் தோட்டங்கள், ஏறத்தாழ 28 லட்சம் பேர் இவர்கள் கவனிப்பில் இருக்கிறார்கள்.

இவர்களின் இணையதளத்தில் கல்லறை தேடும் பக்கம் இருக்கிறது, காசு கிடையாது. குடும்பப் பெயர், முதல் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி என்று கட்டங்கள் வரும். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டாம். முதல் உலகப் போர்க்காரர்கள் பலருக்குப் பிறந்த தேதியே பதிவில் இருக்காது. அதை நீங்கள் நிரப்பினால் உள்ள ஆளும் இல்லாமல் போய்விடுவார். குடும்பப் பெயரும் இறந்த ஆண்டும் போட்டுத் தொடங்குங்கள், அதிகம் பேர் வந்தால் அப்புறம் வடிகட்டலாம். எழுத்து வேறுபாடுகளையும் பாருங்கள். ஸ்மித் என்பதற்கு நிகரான ஷ்மிட் என்ற பெயரையே நாலு விதமாக எழுதுவார்கள்.

கிடைக்கும் பதிவில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் படியுங்கள். ஒன்று, இறந்த இடம். நான் ஏமாந்தது இதில்தான். இரண்டாவது, எந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லும் வாக்கியம். மூன்றாவது, ‘எண்ட்கிராப்லாகெ’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாக் எழுத்தும் கல்லறை எண்ணும். எண்ட்கிராப்லாகெ என்றால் கடைசியாக அடக்கமான இடம். கடைசியாக என்று ஏன் சொல்கிறார்கள் என்றால், இவர்களில் பலரை ஒரு முறைக்கு மேல் தோண்டி எடுத்து மாற்றியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழையில் போன் திரை விரலுக்குக் கட்டுப்படாது.

சில பதிவுகளில் எண் இருக்காது. ‘அடையாளம் தெரியாதவராக அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம்’ என்ற பொருளில் ஒரு வரி மட்டும் இருக்கும். அப்படி வந்தால் தேடிய பேரைக் கல்லில் பார்க்க முடியாது என்று கேட்டவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர் என்றால் பெர்லினில் இருந்த பழைய ராணுவப் பதிவகத்தின் ஆவணங்கள் இருக்கின்றன. 2019 முதல் அவை கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தோடு சேர்ந்துவிட்டன. அங்கே எழுதிக் கேட்கலாம், ஆனால் அவசரக்காரர்களுக்கு அது சரிப்படாது.

எந்தக் கல்லறைக்கு

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஒரு காலத்தில் வயலுக்கு வயல் ஜெர்மன் புதைகுழிகள் இருந்தன. 1954-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டு, 1950களின் பின்பாதியில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு இடங்களைக் காலி செய்து நாலே இடத்தில் சேர்த்தார்கள். அந்த நாலு இடங்கள் லாங்கமார்க், மேனன், விலாட்ஸ்லோ, ஹோக்லேடே. ஆட்களின் எண்ணிக்கையில் மேனன்தான் பெரியது, ஏறக்குறைய 48,000 பேர். லாங்கமார்க்கில் 44,000-க்கும் மேல். விலாட்ஸ்லோவில் 25,600-க்கும் மேல். ஹோக்லேடே சிறியது, 8,000 சொச்சம்.

மேனன் என்றதும் நம் மலையாள மேனன்கள் ஞாபகம் வரும், இது வேறு. இன்னொரு குழப்பமும் உண்டு. ‘மேனன் வாசல்’ என்று எல்லோரும் போட்டோ எடுக்கும் பெரிய நினைவு வளைவு ஈப்பர் நகரத்தில் இருக்கிறது. மேனன் ஊருக்குப் போகும் சாலை அந்த வழியாகப் போவதால் அந்தப் பெயர். ஜெர்மன் கல்லறை இருப்பது மேனன் ஊருக்குப் பக்கத்தில். வழிகாட்டிச் செயலியில் மேனன் என்று மட்டும் போட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது.

நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து வேறு தேர்வுகளும் உண்டு. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு ஸ்டஃபோர்ட்ஷரில் கேனக் சேஸ், சுமார் 5,000 பேர், இரண்டு போர்க்காரர்களும் அங்கே இருக்கிறார்கள், சுட்டு வீழ்த்தப்பட்ட செப்பலின் வான்கப்பல்களின் ஆட்களும் உண்டு. நார்மண்டிக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு லா காம்ப், 21,000 பேருக்கு மேல். நெதர்லாந்து எல்லையில் ஐசல்ஸ்டைன், பெல்ஜியத்தின் கிழக்கில் லோமல். லோமலில் மட்டும் 39,000 பேருக்கு மேல், அநேகமாக எல்லோரும் இரண்டாம் உலகப் போர்க்காரர்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது லாங்கமார்க்கும் விலாட்ஸ்லோவும்தான். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் வருவது கதையைப் பாதியில் மூடி வைப்பது போல.

போய்ச் சேர்வது

தங்குவதற்கு ஈப்பர் வசதி. பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ்காரர்கள் லீல் வரை வேக ரயிலில் வந்து அங்கிருந்து வாடகைக் கார் எடுப்பது சுலபம். பிரிட்டனில் வசிக்கும் இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. ஜெர்மனியிலிருந்து காரில் போனாலும் கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் கையில் இருக்கட்டும், எல்லையில் அவ்வப்போது நிறுத்திப் பார்க்கிறார்கள்.

ஊர்ப் பெயர்கள் கொஞ்சம் தலைசுற்ற வைக்கும். ஈப்பர் என்பது ஊர்க்காரர்கள் பேசும் டச்சுப் பெயர். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இப்ரெ, ஜெர்மனில் இப்பர்ன். கோர்ட்ரைக் என்பதும் கூர்ட்ரே என்பதும் ஒரே ஊர். இன்னும் மோசம், பிரான்ஸ் பக்கம் திரும்பும் சாலையில் லீல் என்ற பலகையைத் தேடினால் கிடைக்காது, ‘ரைசல்’ என்று எழுதியிருப்பார்கள். பழைய ஜெர்மன் கடிதங்களில் உள்ள எழுத்துக்கூட்டல் இன்றைய வரைபடத்தோடு பொருந்தாமல் போவதற்கும் இதுதான் காரணம்.

ஈப்பரிலிருந்து லாங்கமார்க் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் வார இறுதியில் நம்பிப் போக வேண்டாம், நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேடு பள்ளம் இல்லாத ஊர், ஈப்பரில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துப் போவது நல்ல வழி. ஃபிளாண்டர்ஸ் முழுக்க சைக்கிள் பாதைகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று வரிசையாக எழுதிக்கொண்டால் வரைபடமே தேவையில்லை. எதிர்க்காற்று அடித்தால் மட்டும் 9 கிலோமீட்டர் 20 போலத் தெரியும்.

விலாட்ஸ்லோவுக்கு ரயிலில் போவதென்றால் டிக்ஸ்மாய்டே நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டர், சைக்கிளோ டாக்சியோதான். கல்லறை ஒரு சிறு காட்டுக்குள் ஒதுங்கி இருக்கிறது, பக்கத்தில் கடை கண்ணி எதுவும் இல்லை. தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் கொண்டுபோங்கள், ஆனால் வெளியே வைத்துச் சாப்பிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் எங்கேயும் கிடையாது. வெளிச்சம் இருக்கும்போதே போங்கள். நவம்பர் 11 போர் நிறுத்த நாள், பெல்ஜியத்தில் பொது விடுமுறை, அன்று ஈப்பரில் அறை கிடைப்பதே கஷ்டம். ஜெர்மானியர்கள் தங்கள் நினைவு நாளை அதே மாதத்தின் நடுவில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் காலம் தொடங்க இரண்டு ஞாயிறுக்கு முன் வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஞாயிறு கல்லறைகளில் சடங்கு நடக்கலாம். கூட்டம் பிடிக்காது என்றால் ஏப்ரல், மே.

லாங்கமார்க் உள்ளே

கார் நிறுத்தும் பக்கமிருந்து வந்தால் ஓர் இருண்ட நடைக்கூடம் வழியாகப் போவீர்கள், சிறு திரைகளில் பழைய படத்துண்டுகள் ஓடும். அவசரப்பட வேண்டாம், ஆனால் அங்கேயே நின்றுவிடவும் வேண்டாம். சாலையோரமாக இருக்கும் பழைய வாசலுக்குப் போங்கள். சிவந்த மணற்கல்லில் கட்டிய தாழ்வான கட்டடம், நடுவே குறுகலான வழி. குனிய வேண்டிய தேவை இல்லாவிட்டாலும் குனியத் தோன்றும். 1932 ஜூலையில் திறந்தது. உள்ளே ஓக் மரப் பலகைகளில் பெயர்கள் செதுக்கியிருக்கிறார்கள். பார்வையாளர் குறிப்பேடும் அங்கேதான்.

வாசலைத் தாண்டியதும் எதிரில் சதுரமாக ஒரு செடிப் படுகை. பூந்தோட்டம் என்று நினைத்து ஓரமாக நடந்துவிடுவார்கள். அதுதான் பொதுக் குழி. வீட்டு மனை அளவு இடத்தில் சுமார் 25,000 பேர். ஒரு முழு ஊர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் நிற்கும் கல் தூண்களில் வெண்கலத் தகடுகள் பதித்து, அங்கே கிடக்கலாம் என்று ஆவணங்களிலிருந்து கண்டெடுத்த 17,000-க்கும் மேற்பட்ட பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். மீதிப் பேருக்குப் பெயர் இல்லை. குழியின் விளிம்பில் பைபிளின் ஏசாயா வசனம் ஒன்று ஜெர்மனில் இருக்கும். தமிழ் பைபிள் படித்தவர்களுக்குத் தெரிந்த வரிதான்: ‘உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்.’ ஏழாயிரம் பேருக்கு மேல் பெயர் தெரியாமல் கிடக்கும் இடத்தில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, நன்றாக யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

நீங்கள் தேடும் பேர் இந்தத் தகடுகளில் இருந்தால் அகர வரிசையில் பாருங்கள். வெர்னர் ஃபோஸ் என்ற பெயரையும் தேடிப் பாருங்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற போர் விமானிகளில் ஒருவன். 1917 செப்டம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது வயது 20. நாடே கொண்டாடிய ஆள், இங்கே வரிசையில் ஒரு பெயர், அவ்வளவுதான். இந்தக் குழியிலேயே பிரிட்டிஷ் படையினர் இருவரும் கிடக்கிறார்கள்.

அப்பால் ஓக் மரங்களின் கீழே புல்லில் தட்டையான கற்கள். ஒவ்வொரு கல்லின் கீழும் பல பேர். அங்கங்கே மூன்று மூன்றாக நிற்கும் குட்டைக் கற்சிலுவைகளைக் கல்லறை என்று நினைத்து அதன் அடியில் பெயர் தேடாதீர்கள், அவை அடையாளத்துக்கு நட்டவை. பிளாக் எழுத்தையும் எண்ணையும் வைத்துத் தட்டைக் கற்களில் தேடுங்கள். நடக்கும்போது கற்களை மிதிக்காமல் நடுவில் உள்ள புல்லில் காலை வையுங்கள்.

கல்லில் வரும் சில சொற்கள் தெரிந்தால் படிக்கச் சுலபம். முஸ்கெடியர், கிரெனடியர், ஃபூசிலியர் எல்லாம் சாதாரண காலாட்படை வீரன்தான், படைப்பிரிவைப் பொறுத்துப் பெயர் மாறும். கானோனியர் பீரங்கிக்காரன். கிரீக்ஸ்ஃபிரைவிலிகர் என்றால் தானாக முன்வந்து சேர்ந்தவன், பெரும்பாலும் சின்னப் பையன். லாண்ட்ஸ்டுர்ம்மான் என்று இருந்தால் பெரும்பாலும் வயதான குடும்பஸ்தர். ‘உன்பெகான்ட்’ என்றால் அடையாளம் தெரியாதவர். இந்தச் சொல்லைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். வீரத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது. நம் நடுகற்களில் பெயரோடு பெருமையையும் எழுதினார்கள். இங்கே பதவி, பெயர், இறந்த தேதி, அதோடு சரி.

தோட்டத்தின் கடைசியில் நாலு ஆட்கள் தலை குனிந்து நிற்பது போலத் தெரியும். முதல் முறை நானும் யாரோ துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எமில் கிரீகர் 1956-ல் செய்த வெண்கல உருவங்கள் அவை. ஒரு பக்கத்தில் போர்க்காலக் கான்கிரீட் பதுங்கு குழிகள் மூன்று இன்னும் நிற்கின்றன. பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான்.

இந்த இடத்துக்கு ‘மாணவர் கல்லறை’ என்று ஒரு பெயர் உண்டு. அதன் பின்கதை தெரியாமல் போனால் பாதிதான் புரியும். 1914 நவம்பர் 11 அன்று ஜெர்மன் ராணுவத் தலைமை ஓர் அறிக்கை விட்டது. லாங்கமார்க்குக்கு மேற்கே இளம் படைப்பிரிவுகள் தேசப் பாடலைப் பாடிக்கொண்டே எதிரி வரிசை மேல் பாய்ந்து பிடித்தன என்றது அறிக்கை. நடந்ததோ, போதிய பயிற்சி இல்லாத புதுப் படைகளை இயந்திரத் துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் நேராக அனுப்பி ஆயிரக்கணக்கில் பறிகொடுத்த கதை. அன்றைய சண்டை லாங்கமார்க்கில் கூட இல்லை, பிக்ஸ்கோட்டே என்ற பக்கத்துக் கிராமத்தையொட்டி. அந்தப் படைகளில் மாணவர்கள் இருந்தார்கள், ஆனால் சிறுபான்மைதான். மற்றவர்கள் கைத்தொழிலாளிகள், குமாஸ்தாக்கள், வயதான ரிசர்வ்காரர்கள். ஆனால் ‘பாடிக்கொண்டே செத்த மாணவர்கள்’ என்ற கதை நன்றாக ஓடியது. மாணவர் சங்கங்கள் பணம் திரட்டி இந்தத் தோட்டத்தைக் கட்ட உதவின. பின்னால் நாஜிகள் அந்தக் கதையைப் பள்ளிப் பாடமாக்கி அடுத்த தலைமுறைப் பையன்களுக்கு ஊட்டினார்கள். 1940 ஜூனில் ஹிட்லரே இங்கே வந்து நின்றான். ஆகவே லாங்கமார்க்கில் நீங்கள் பார்ப்பதில் துக்கம் ஒரு பங்கு, பிரச்சாரம் ஒரு பங்கு. ஓக் பலகைகளின் முன் நிற்கும்போது இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலாட்ஸ்லோ

காலையில் லாங்கமார்க், மதியத்துக்கு மேல் விலாட்ஸ்லோ என்று போங்கள், மாற்றிப் போகாதீர்கள். ஏன் என்று போனால் தெரியும்.

கேத்தே கோல்விட்ஸ் பெர்லினில் வாழ்ந்த ஓவியர், சிற்பி. இளைய மகன் பீட்டருக்கு 18 வயது. 1914-ல் போர் தொடங்கியதும் சேரத் துடித்தான். வயது போதாததால் அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பேசி அப்பாவைச் சம்மதிக்க வைத்தது அம்மாதான். அக்டோபரில் கிளம்பிப் போனவன், அந்த மாதம் முடிவதற்குள் டிக்ஸ்மாய்டே பக்கத்தில் செத்துப்போனான்.

மகனுக்கு ஒரு நினைவுச் சிலை செய்ய வேண்டும் என்று அந்த ஆண்டே தொடங்கினார். நடுவில் கைவிட்டார், திரும்ப எடுத்தார். முடிந்தது 1932-ல். 18 வருஷம். மகன் வாழ்ந்த அதே 18 வருஷம். செய்து முடித்தபோது அதில் மகன் இல்லை. மண்டியிட்டிருக்கும் ஓர் அப்பாவும் ஓர் அம்மாவும் மட்டும். அப்பா முதுகை நிமிர்த்தி, கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா குனிந்து கிடக்கிறார். முகங்கள் கார்லுடையதும் கேத்தேயுடையதும். இரண்டு பேரும் சேர்ந்தில்லை, நடுவே இடைவெளி. முதலில் பீட்டர் அடக்கமாகியிருந்த ரோகெவெல்டேயில் வைத்தார்கள். கல்லறைகளை ஒன்று சேர்த்தபோது, 1956-ல், மகனோடு சிலைகளும் விலாட்ஸ்லோவுக்கு வந்தன.

வாசலிலிருந்து நேராகச் சிலைகளை நோக்கி நடக்காதீர்கள். தட்டைக் கற்களைப் படித்துக்கொண்டே மெதுவாகப் போங்கள், ஒவ்வொரு கல்லிலும் 20 பெயர். சிலைகளை அடைந்ததும் அவர்களுக்குப் பின்னால் போய், அவர்கள் பார்க்கும் பக்கம் திரும்பி நில்லுங்கள். எதிரில் சில அடி தூரத்திலேயே ‘பீட்டர் கோல்விட்ஸ், முஸ்கெடியர்’ என்று பொறித்த கல் இருக்கிறது. அதே கல்லில் இன்னும் 19 பேர். அந்த 19 பெயர்களையும் படியுங்கள், அவர்களின் அம்மாக்களுக்குச் சிலை வடிக்கத் தெரியாது.

கேத்தேயின் கதை அங்கேயும் முடியவில்லை. மூத்த மகன் தன் பிள்ளைக்குத் தம்பியின் பெயரையே வைத்தார். அந்தப் பேரன் பீட்டர் 1942-ல் ரஷ்யாவில் செத்தான்.

எப்படி நடந்துகொள்வது

உடை பற்றிச் சட்டம் எதுவும் இல்லை. கறுப்பு போட வேண்டாம், செருப்பைக் கழற்ற வேண்டாம். ஈரம் தாங்கும் ஷூ முக்கியம், ஃபிளாண்டர்ஸ் களிமண் 1917-ல் ஆட்களையும் குதிரைகளையும் விழுங்கிய மண், உங்கள் வெள்ளை ஸ்னீக்கரை விடாது. பூ வைக்கலாம், சின்னக் கொத்து போதும். ஜெர்மானியர்கள் சிவப்புக் கண்ணாடியில் மூடிய மெழுகுவர்த்தி வைப்பார்கள், ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ஊதுபத்தி, சூடம் ஏற்ற வேண்டாம், புல்லும் சருகும் தீப்பிடிக்கும். செடி நடக் கூடாது.

போட்டோ எடுக்கத் தடையில்லை. தட்டைக் கல்லில் உச்சி வெயிலில் எழுத்து தெரியாது, காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்ந்து விழும்போது எடுங்கள். பாட்டிலில் இருக்கும் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினால் எழுத்து எடுப்பாகும். சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்காதீர்கள். கல் மேல் உட்கார்ந்து எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாமே.

நாஜிச் சின்னம், கையை நீட்டும் சல்யூட் என்று விளையாட்டுக்குக் கூடச் செய்யாதீர்கள். லாங்கமார்க் முதல் போரின் கல்லறை. ஆனால் லா காம்ப், ஐசல்ஸ்டைன் போன்ற இரண்டாம் போர்க் கல்லறைகளில் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்எஸ் ஆட்களும், அதில் போர்க்குற்றம் செய்தவர்களும் சாதாரண வீரர்களோடு ஒரே வரிசையில் கிடக்கிறார்கள். சிலர் அவர்களில் பெயர்பெற்றவர்களைத் தேடிப் போய்ப் பூ வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நான் அந்தக் கல்லறைகளைத் தேடுவதில்லை, வழி கேட்டாலும் சொல்வதில்லை. ஒரு தலைமுறையே செத்ததைப் பார்க்க வந்திருக்கிறோம், நாயக வழிபாட்டுக்கு வரவில்லை.

வயலோரம் துருப்பிடித்த இரும்பு எதையாவது பார்த்தால் தொடாதீர்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லாங்கமார்க் பக்கம்தான் 1915 ஏப்ரல் 22 அன்று ஜெர்மானியர்கள் முதல் பெரிய குளோரின் வாயுத் தாக்குதலை நடத்தினார்கள். அப்புறம் போர் முடியும் வரை கணக்கில்லாத குண்டுகள் இந்த மண்ணில் விழுந்தன, வெடிக்காதவையும் ஏராளம். உழும்போது இன்றும் மேலே வருகின்றன. விவசாயிகள் அவற்றை மின்கம்பத்தடியில் அடுக்கி வைப்பார்கள். பக்கத்து ஊரான பூல்கப்பெல்லேயில் இருக்கும் பெல்ஜிய ராணுவப் பிரிவு வந்து எடுத்துப்போகும். பார்ப்பதற்குக் காலிப் பாட்டில் மாதிரி இருக்கும். அதில் வாயு இருக்கலாம்.

தீட்டும் பிள்ளைகளும்

நம் வீடுகளில் இது கட்டாயம் எழும். சுடுகாட்டுப் பக்கம் குழந்தையைக் கூட்டிப்போவதா என்று ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பார். எனக்கும் கேட்டார். பள்ளிக்கூடப் பஸ்களில் பத்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக இறங்குவதைப் பார்த்தபின் நான் வாதம் செய்வதை விட்டுவிட்டேன். வீடு திரும்பிக் குளித்தால் அம்மாவுக்கும் திருப்தி, களிமண்ணும் போகும். பிள்ளைகளிடம் ஒரு பேரைக் கொடுத்து ‘இதைக் கண்டுபிடி’ என்று சொல்லுங்கள், ஓடித் திரிவது நின்று தேட ஆரம்பிப்பார்கள். ஆறேழு வயதுக்குக் கீழே என்றால் லாங்கமார்க்கே போதும், விலாட்ஸ்லோவில் ஓட இடமில்லை.

மாலையில் நேரம் இருந்தால் விலாட்ஸ்லோவிலிருந்து ஈப்பர் திரும்பும் முன் டைன் காட் என்ற பிரிட்டிஷ் கல்லறையையும் பார்த்துவிடுங்கள். ஏறக்குறைய 12,000 கல்லறைகள், வெள்ளைக் கற்கள், அடியில் பூச்செடி. ஓக் நிழலும் கருங்கல்லுமாக இருந்த இடத்திலிருந்து வந்தால் கண் கூசும். அங்கேயும் நாலு ஜெர்மானியர்கள் இருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். எட்டு மணிக்கு ஈப்பரின் மேனன் வாசலில் எக்காளம் ஊதுவார்கள், 1928-லிருந்து நடக்கும் வழக்கம். கொஞ்சம் முன்னதாகப் போனால் சுவரில் இந்தியப் படைவீரர்களின் பெயர்களைப் படிக்க நேரம் கிடைக்கும். 1914 அக்டோபரில், பீட்டர் செத்த அதே வாரங்களில், இந்தியப் படைகளை ஈப்பர் முனைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்கள்தான் நீங்கள் பகலில் பார்த்தவர்கள்.

போக முடியாதவர்களுக்காக

படம் எடுத்தால் மூன்று எடுங்கள்: பெயர் மட்டும் நெருக்கமாக, முழுக் கல், கல்லிலிருந்து தெரியும் சுற்றுப்புறம். மூன்றாவதைத்தான் வீட்டில் உள்ளவர்கள் அதிக நேரம் பார்ப்பார்கள். அச்சடித்துக் கொடுங்கள், வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். பின்னால் பிளாக்கும் எண்ணும் எழுதிக் கொடுங்கள். நீங்களே போக முடியாவிட்டால் ஃபோல்க்ஸ்புண்டிடம் எழுதிக் கேட்டால் கல்லறைப் படம் எடுத்து அனுப்பவும், பூ வைக்கவும் ஏற்பாடு இருக்கிறது.

மேல்மாடிப் பாட்டியிடம் மேனன் படங்களைக் கொடுத்தபோது பூதக்கண்ணாடி எடுத்து வந்து பார்த்தார். கல்லில் அவர் தாத்தாவின் அண்ணனுக்கு மேலும் கீழும் இருந்த பெயர்களைச் சத்தமாகப் படித்தார். அப்புறம் அந்த மரங்களுக்குக் கீழே உட்கார பெஞ்சு உண்டா, காரிலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், கழிப்பறை எங்கே என்று வரிசையாகக் கேட்டார். ஏப்ரலில் போகிறோம். முன்னிருக்கை அவருக்கு, மடக்கு நாற்காலி ஒன்று டிக்கியில்.